தாம்பூலப் பையில் பென் டிரைவ்

என் பெண்ணின் கல்யாணத்தில் தாம்பூலப் பையில் தேங்காய் போடக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றவள் நான். வந்தவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு போய் மறுநாள் சட்னி அரைப்பதில் நமக்கு என்ன பெருமை? தரமணிப் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப்பைக் கட்டிக் காத்து ஓய்வு பெற்றவள் வீட்டுக் கல்யாணம், அதில் என் கை தெரிய வேண்டாமா? அதனால் தேங்காய் வடிவத்தில் பென் டிரைவ் முந்நூறு வாங்கினேன். குடுமியைப் பிடித்து இழுத்தால் மூடி கழன்றுவிடும்.

விற்றவர், "கண்ண மூடிக்கினு வாங்கிக்கினு போக்கா, முப்பத்திரண்டு ஜிபி" என்றார். நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கியிருக்கிறேன். ஆனால் அது தெரிய இரண்டு வருஷம் ஆனது. அந்த இரண்டு வருஷமும் எந்த விசேஷத்துக்குப் போனாலும் அந்தத் தேங்காய்ப் பேச்சை நானே எடுப்பேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை சம்பந்தியம்மா ஃபோன் செய்தார். மாப்பிள்ளையின் அம்மா. அச்சகம் ஒன்றில் பக்க வடிவமைப்பு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டிலிருந்தே செய்யலாம் என்று முதன்முதலாகச் சொந்தமாக ஒரு வேலை பிடித்திருந்தார். ஒரு பள்ளிக்கூடத்தின் ஆண்டு மலர். அன்று மாலை ஆறு மணிக்குள் பக்கங்கள் அச்சகத்துக்குப் போக வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவோம் என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து அவருடைய கம்ப்யூட்டரில் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. புதியது வாங்கிப் போட்டாயிற்று. பக்கங்களும் இணையத்தில் பத்திரமாக இருந்தன. விண்டோஸ் மட்டும் ஏற்ற வேண்டும். பெண்ணும் மாப்பிள்ளையும் ஊரில் இல்லை.

"உங்களுக்குத் தெரிஞ்ச மெக்கானிக் யாராவது இருக்காங்களா சம்பந்தி?" என்று கேட்டார்.

"மெக்கானிக்கா? அப்ப நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன்.

விண்டோஸைப் பென் டிரைவில் சும்மா நகலெடுத்துப் போட்டால் கம்ப்யூட்டர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. எழுந்ததும் முதலில் இதைத்தான் படிக்க வேண்டும் என்று அதற்குப் புரிகிற மாதிரி, அதற்கென்றே உள்ள மென்பொருளை வைத்து எழுத வேண்டும். லேப்பில் இதை எத்தனையோ தடவை செய்தவள் நான். கல்யாணத்தில் மீந்த தேங்காய்களில் ஒன்றில் எழுதினேன். இருக்கட்டும் என்று இன்னும் இரண்டையும் என் மடிக்கணினியையும் பையில் போட்டுக்கொண்டு, அடையாறிலிருந்து ஆட்டோ பிடித்து ஒன்பது மணிக்கெல்லாம் அபிராமபுரத்தில் இறங்கிவிட்டேன்.

முதல் தடவை நன்றாகத்தான் ஆரம்பித்தது. நீலத் திரை வந்தது, சதவீதம் ஏறியது. பிறகு பாதி வழியில், தேவையான கோப்பு ஒன்றைக் காணவில்லை என்று சொல்லி நின்றுவிட்டது. தேங்காய் குண்டாக இருந்ததால் பின்பக்கத் துளையில் நுழையவில்லை. நடுவில் ஒரு கேபிள் வைத்துத்தான் சொருகியிருந்தேன். கேபிளைத் திட்டிவிட்டு முன்பக்கத் துளைக்கு மாற்றினேன். அதே இடத்தில் நின்றது. கம்ப்யூட்டரின் அமைப்புக்குள் போய் ஒன்றை அணைத்தேன், இன்னொன்றைப் போட்டேன். அதே இடம். இறக்கிய கோப்பில்தான் கோளாறு என்று முடிவு கட்டி, மறுபடி முழுதாக இறக்கி, இரண்டாவது தேங்காயில் எழுதினேன். அதுவும் அங்கேயே நின்றது.

சம்பந்தியம்மா பக்கத்து மேஜையில் அச்செடுத்து வைத்திருந்த தாள்களைப் பேனாவால் திருத்திக்கொண்டே, நடுநடுவே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு தடவை காபி கொடுத்தார். அப்புறம் மேஜை இழுப்பறையிலிருந்து மூடி தொலைந்த பழைய கறுப்புப் பென் டிரைவ் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இது சும்மாதான் கிடக்குது. வேணும்னா இதுல ஒரு தடவ பாக்கறீங்களா?"

"கோளாறு பென் டிரைவ்ல இல்ல சம்பந்தி. உங்க மதர்போர்டுலதான் ஏதோ இருக்கு."

"அப்படிங்களா" என்று சொல்லி அதைத் திரும்ப இழுப்பறைக்குள் வைத்துவிட்டார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு அவர் எப்படிச் சிரிக்காமல் இருந்தார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

மூன்றாவது தேங்காயும் அதே இடத்தில் நின்றது. எதை இன்னும் மாற்றவில்லையோ அதைச் சந்தேகப்படு என்று லேப்பில் பிள்ளைகளிடம் கத்தியவள் நான். அன்று காலையிலிருந்து கேபிளை மாற்றினேன், துளையை மாற்றினேன், கோப்பை மாற்றினேன். தேங்காயைவிட்டு நகரவில்லை. என் மடிக்கணினியில் ஒரு சோதனை மென்பொருள் உண்டு. பென் டிரைவில் எழுதிப் பார்த்து, எழுதியது அப்படியே திரும்ப வருகிறதா என்று பார்க்கும். அதை ஓட்டினேன். முப்பத்திரண்டு ஜிபி என்று சொன்ன தேங்காய்க்குள் இருந்தது நாலு. அதற்கு மேல் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வதுபோல் பாவனை செய்துவிட்டுத் தொலைத்துவிடுகிறது. விண்டோஸோ நாலைவிடப் பெரிது. மற்ற இரண்டையும் சோதித்தேன். எல்லாம் ஒரே ரகம்.

வாங்கிப் போன அத்தனை பேர் முகமும் வரிசையாக ஞாபகம் வந்தது. கல்யாண வீட்டில் அழுகல் தேங்காய் கொடுத்திருக்கிறேன், அதுவும் சம்பந்தி வீட்டாருக்கும் சேர்த்து. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் திரும்பினேன். அவர் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அதிலேயே எனக்குப் பொறி தட்டியது.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

பேனாவை மூடி வைத்தார். "கல்யாண ஃபோட்டோவெல்லாம் அதுலதான் போட்டு வச்சேன். பாதி திறக்கல. ஸ்டுடியோவுல கேட்டு மறுபடி வாங்கிக்கிட்டேன்."

"உங்க ஆளுங்களுக்கு?"

"எல்லாருக்கும் தெரியும். உங்க காதுக்கு யாரும் கொண்டுபோகக் கூடாதுன்னு நான்தான் சொல்லி வச்சிருந்தேன். ஆசையாச் செஞ்சீங்க, அதைப் போய்..."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. என் கோபத்துக்கு எப்போதும் நியாயம் தேவைப்படுவதில்லை. "அதுக்காக இன்னைக்குமா? மூணு மணி நேரம் போச்சே! உங்க முதல் வேலை கையவிட்டுப் போயிருந்தா?"

"பன்னண்டு வரைக்கும் பாக்கலாம்னு இருந்தேன்" என்றார் கடிகாரத்தைப் பார்த்தபடி. "அதுக்கு மேல கண்டிப்பாச் சொல்லியிருப்பேன்."

மணி பதினொன்று ஐம்பது. நான் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவரும் காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததை அப்போதுதான் விட்டார். இழுப்பறையைத் திறந்து அந்தக் கறுப்புப் பென் டிரைவை நானே எடுத்துக்கொண்டேன்.

அதில் எழுதிச் சொருகியதும் விண்டோஸ் ஒரு முணுமுணுப்பு இல்லாமல் ஏறியது. பிறகு வடிவமைப்பு மென்பொருள், எழுத்துருக்கள், பிரிண்டர் என்று இரண்டரை மணி ஆகிவிட்டது. இனி என் வேலை எடுபிடி வேலைதான். தயிர் சாதத்தைத் தட்டில் பிசைந்து அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தேன். அவர் திரையில் திருத்தத் திருத்த, நான் தாளைப் பார்த்துப் பக்க எண்களையும் பிள்ளைகளின் பெயர்களையும் சத்தமாகப் படித்தேன். அவர் கை அத்தனை வேகமாகப் போகும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கடைசிப் பக்கம் போனது. சற்று நேரத்தில் அச்சகத்திலிருந்து பதில் வந்தது: எல்லாம் சரியாக இருக்கிறது, திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. அதை அவர் இரண்டு தடவை படித்தார். மூன்றாவது தடவை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் பெண்ணும் என்னைப் போலத்தான், வாய்க்காரி. தப்பு தன்னுடையது என்றால் இன்னும் சத்தமாகப் பேசுவாள். அவள் போன இடத்தில் எப்படிப் பிழைக்கப் போகிறாளோ என்று கல்யாணத்தன்று பிடித்த கவலை என்னை விடவே இல்லை. அன்று ஆட்டோவில் திரும்பும்போது அது விட்டுப் போயிருந்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அவளுக்கு ஃபோன் செய்தேன்.

"உங்க அத்தை தங்கமானவங்கடி" என்றேன்.

"இப்பத்தான் தெரியுதாம்மா உனக்கு?" என்றாள்.