வாசலில் கிடந்த செருப்புகள்

என் கணவர் முருகேசனைப் பாதி கொன்றது சாராயம். மீதியைக் கொன்றது எங்கள் சமுதாயச் சங்கத்தின் செயலாளர்.

கொச்சியின் மட்டாஞ்சேரியிலிருந்து எழுதுகிறேன். வீட்டில் குடிநோயாளியை வைத்துக்கொண்டு வாய் திறக்க முடியாமல் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் வந்தது கைநடுக்கம். மிளகுக் கிடங்கில் சாக்கு தைக்கிற மனிதருக்கு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. ஊசியைத் திட்டினார். பிறகு கால் வீங்கியது. கண் மஞ்சளானது.

சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்கிப்போவது) என்றார் டாக்டர். "ஒரு துள்ளி போலும் பாடில்லா, கேட்டோ?" ஒரு துளிகூடக் கூடாது.

வார்டில் படுக்கவைத்து, மருந்து கொடுத்துத்தான் குடியை நிறுத்தினார்கள். நீங்கள் வீட்டில் திடீரென்று நிறுத்தவைக்காதீர்கள். வலிப்பு வரும், பிதற்றல் வரும், உயிரே போகலாம்.

குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் கூட்டம் பக்கத்துத் தோப்பும்படியில், மலையாளத்தில் நடந்தது. போனார். நல்ல மனிதர்கள். ஆனால் ஒரு வார்த்தைக்கு மேல் பேசாமல் திரும்பி வந்தார்.

"ஏன் பேசலை? மலையாளம் உங்களுக்குத் தண்ணிபட்ட பாடாச்சே?"

"சண்டைன்னா வரும்டி. இது வரலை. 'ஞான்'னு ஆரம்பிச்சேன், வேற யாரோ பேசுற மாதிரி இருந்துச்சு."

அங்கே வரும் மீன்பிடிப் படகுக்கார சேட்டன் ஒருவர்தான் வழி சொன்னார்: "நிங்ஙளுடெ பாஷயில் ஒண்ணு துடங்ஙு சேட்டா." உங்கள் பாஷையிலேயே ஒரு கூட்டம் தொடங்குங்கள்.

சங்க மண்டபத்தின் பின் அறையைக் கேட்டோம். செயலாளர் சாவி கொடுத்தார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கூடினார்கள். எங்கள் தெரு தையல்காரர் வந்தார், இன்னும் சிலர் வந்தார்கள். உள்ளே பேசியது வெளியே போகாது என்பது விதி. வீட்டுக்கு வந்து என் கணவர் சோறு கேட்டுச் சாப்பிட்டார். அது எனக்குப் போதுமாக இருந்தது.

மண்டபத்துக்குள் செருப்போடு போகக்கூடாது. வாசலில் கழற்றிவிட்டுப் போனார்கள். எங்கள் தெருவில் செருப்பைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். வீங்கிய காலுக்காக வார் அறுத்த நீலச் செருப்பு என் கணவருடையது.

செயலாளர் அந்தச் செருப்புகளைப் படம் எடுத்து வாட்ஸாப் குழுவில் போட்டார். "தண்ணி வண்டி ஸ்டாண்டு. இன்னிக்கு ஃபுல்லு." கீழே ஒருவர்பின் ஒருவராகச் சிரித்தார்கள். எது யார் செருப்பு என்று பெயர் எழுதினார்கள்.

அடுத்த செவ்வாய் யாரும் வரவில்லை. தையல்காரர் மட்டும் அதற்கடுத்த வாரம் வந்தார். அவரும் என் கணவரும் செருப்பைப் பையில் போட்டு உள்ளே கொண்டுபோனார்கள். அதையும் யாரோ பார்த்துச் சொல்லிவிட, செயலாளர் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"பூஜை நடக்கிற இடத்துக்குள்ள செருப்பா? தீட்டு. சாவியைக் குடும்மா."

"வெளியே விட்டா படம் எடுக்கிறீங்க. உள்ளே கொண்டுபோனா தீட்டா? எங்கேதான் கழட்டுறது அண்ணே?"

"விளையாட்டுக்குப் போட்டது. இதைப் போய்ப் பெருசா எடுத்துக்கிட்டு." சாவியை வாங்கிக்கொண்டு போனார்.

தோப்பும்படிக்கே மறுபடி போகச் சொன்னேன், கெஞ்சினேன். "ஊரே சிரிச்சாச்சு, இனி எதுக்கு" என்றார். மழைக்காலம் முடிவதற்குள் குடிக்கத் தொடங்கினார். ஒரு மத்தியானம் உணவுக்குழாயில் வீங்கியிருந்த ரத்தக்குழாய் வெடித்து ரத்தமாக வாந்தி எடுத்தார். என் மடியில், ஆட்டோவிலேயே போய்விட்டார்.

இப்போது யார் பக்கத்தில் வந்து நின்றாலும் என் மூக்கு முதலில் சாராய வாசம் தேடுகிறது. கோயில் பூசாரியைக்கூட விடுவதில்லை. சாயங்காலம் எனக்கு முடிவதே இல்லை. அவர் வருகிற நேரம் வருகிறது, அங்கேயே நிற்கிறது.

போன வாரம் தையல்காரரின் மனைவி வந்தாள். அவரும் மறுபடி குடிக்கிறார். "அக்கா, இவரை எங்கே கூட்டிட்டுப் போறது?" என்று கேட்டாள்.

செயலாளரே, சாவியோடு பதிலும் உங்களிடம் இருக்கிறது. வாட்ஸாப்பில் வேண்டாம், என் வீட்டு வாசலில் வந்து தனியாகவும் வேண்டாம். பொதுக்குழுவில், எல்லார் முன்னாலும், மைக்கைப் பிடித்து அவளுக்குச் சொல்லுங்கள்: எங்கே கூட்டிக்கொண்டு போவது?