நீல டெய்சியும் ஒரு டம்ளர் பாலும்

ஒன்பது நாள் அவரால் எப்படிப் பேசாமல் இருக்க முடிந்தது? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

அவர் என் கணவர். வெண்ணாற்றுப் பாசனத்தில் சொந்த நிலமும் கொஞ்சம் குத்தகை நிலமும் வைத்து நெல் பயிரிடுகிறவர். நான் தாவரவியல் படித்துவிட்டு, ஐந்து வயது மகளை வளர்த்துக்கொண்டு வீட்டில் இருக்கிறேன்.

போன ஆவணிக் கடைசியில் நீல டெய்சி விதைகளை வரவழைத்தேன். எங்கள் ஊர்க் களிமண்ணில் அதன் வேர் அழுகிவிடும். அதனால் ஆற்றுமணலும் மக்கிய எருவும் கலந்து, தொட்டியில் நீர் தேங்காதபடி அடியில் ஓட்டுத்துண்டு போட்டேன். பதினோரு தொட்டிகள் தேறின. ஐப்பசி மழையில் அத்தனையையும் சன்ஷேடுக்கு அடியில் இழுத்து வைப்பதும், வெயில் வந்தால் திரும்ப வெளியே நகர்த்துவதுமாக இருந்தேன். கிளை பிரிய நுனி கிள்ளும்போது, கிள்ளியது அதிகமோ என்று ராத்திரி வரை யோசிப்பேன்.

மார்கழிக் கோலத்தில் சாண உருண்டை மேல் எல்லோரும் பூசணிப்பூ வைப்பார்கள். எங்கள் வாசலில் நீலப் பூ வைக்க வேண்டும் என்பது மகளின் ஆசை.

"விடிகாலையில இந்தப் பூ மூடிக்கிட்டுத் தூங்குமேடி" என்றேன்.

"நான் எழுப்பிடுறேன்மா. என்னை நீ எழுப்பி விடு."

கார்த்திகைக் கடைசியில் மொட்டு வந்தது. கூடவே நுனியெல்லாம் அசுவினிப் பூச்சியும் வந்தது. "ஏங்க, வேப்பெண்ணெய் கொஞ்சம் அடிச்சு விடுங்களேன்" என்று நான்தான் கேட்டேன். அவர் வயலுக்கு மருந்தடிக்கும் மெஷினை முதுகில் மாட்டி, இரண்டு நிமிடத்தில் அடித்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் செடிகள் முறுக்கிக்கொண்டன. தண்டு வளைந்து, இலை சுருண்டு, மொட்டுகள் தலைகீழாகத் தொங்கின. அன்று காலைதான் மகள் தனக்குப் பிடிக்காத பாலைத் தொட்டியில் ஊற்றுவதைப் பார்த்திருந்தேன். "செடிக்கும் பசிக்கும்ல" என்றாள். அவள் கையில் இரண்டு அடி வைத்தேன். அதோடும் விடவில்லை. ஒவ்வொரு தொட்டி முன்னாலும் நின்று மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். பதினோரு தடவை "சாரி செடி, சாரி செடி" என்று விக்கிக்கொண்டே சொன்னாள். அவர் வாசற்படியில் நின்று காபி குடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிலிருந்து ஒன்பதாம் நாள் மார்கழி பிறந்தது. கோலம் போட மகளை எழுப்பினேன். வரமாட்டேன் என்று போர்வைக்குள் சுருண்டுகொண்டாள்.

தன் மாட்டுக்குக் கழுநீர் எடுத்துப்போக ஓர் அக்கா தினமும் எங்கள் வீட்டுக்கு வருவார். எங்கள் வயலில் களையெடுப்பவர். ஊருக்குப் போயிருந்தவர் அன்றுதான் திரும்பியிருந்தார். குடத்தை இறக்கி வைத்துவிட்டுத் தொட்டிகளைப் பார்த்தார்.

"ஏம்மா, பூச்செடிக்குப் போயி களைக்கொல்லி அடிச்சிருக்கீங்க?"

"இல்லக்கா, பாப்பா பால ஊத்திட்டா."

"பால் ஊத்துனா எறும்புதான் வரும். இது வயல்ல அகல இலைக் களை முறுக்குற முறுக்கு. நெல்லு ஜம்முனு நிக்கும், இது மட்டும் சாவும். நான் எத்தனை வயல்ல பாத்திருக்கேன்!" என்று சிரித்தவர், "படிச்ச புள்ளைக்கு இது தெரியலயா?" என்றார்.

அவள் பால் ஊற்றியது இரண்டே தொட்டிகளில். முறுக்கிக்கொண்டவை பதினொன்றும். இதை எண்ணிப் பார்க்கப் படிப்புகூட வேண்டாம்.

உள்ளே என் கணவர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "மெஷினைக் கழுவினீங்களா?"

"ரெண்டு தரம் அலசினேனே."

"அப்போ களைக்கொல்லிதான்னு உங்களுக்குத் தெரியுமா?"

தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மூணாம் நாளே தெரிஞ்சுது. அதுக்குள்ள நீ பாப்பாவை அடிச்சிட்ட. அப்புறம் நான் எப்படிச் சொல்றது? பூச்செடிதானே, விடு. வேற வாங்கித் தரேன்."

தாளடி நெல்லுக்கு அடித்த களைக்கொல்லி மெஷினில் மிச்சமிருந்ததை நான் மன்னித்துவிடுவேன். இந்தப் பக்கத்தில் யார் வீட்டிலும் நடக்கக்கூடியது. அந்தப் பதினோரு 'சாரி'யையும் அவர் நின்று கேட்டதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. நான் மகளை அடித்ததையே தனக்கு மறைப்பாக்கிக்கொண்டாரே. அடித்தது என் கைதானே என்று மனசு உடனே என்னைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன்.

அன்றே மகளை மடியில் வைத்து, "நீ ஒண்ணும் பண்ணலடா, அம்மா தப்பா அடிச்சிட்டேன்" என்றேன்.

"அப்ப யாரும்மா பண்ணுனது?"

அவர் பக்கத்து அறையில்தான் இருந்தார். வருவார் என்று காத்திருந்தேன். செல்போனில் நெல் விலை பேசும் குரல்தான் வந்தது. "தெரியலடா" என்றேன். அந்த நொடியில் நானும் அவரோடு சேர்ந்துவிட்டேன்.

மிச்சமிருந்த விதையை இந்த ஆவணியில் மறுபடியும் போட்டேன். ஏழு முளைத்திருக்கின்றன. மகள் நான்கடி தள்ளியே நின்று பார்க்கிறாள். தண்ணீர் ஊற்றக் கூப்பிட்டால் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறாள். "என் கை பட்டா செத்துடும்மா" என்கிறாள். அவரிடம் நீங்களே சொல்லுங்கள் என்று எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். "சின்னப் புள்ள, மறந்துடும்" என்கிறார்.

மார்கழிக்குள் அவள் கை அந்த மண்ணைத் தொட வேண்டும். உண்மையை நானே சொல்லிவிடலாமா? சொன்னால் அப்பாவைப் பார்க்கும் அவள் கண் மாறிவிடுமா? சொல்லாவிட்டால் இப்படியே கையைக் கட்டிக்கொண்டு வளர்ந்துவிடுவாளா? பிள்ளை வளர்த்தவர்கள் யாராவது இதைக் கடந்து வந்திருந்தால், என்ன செய்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.