செல்வி அக்கா படித்த லேபிள்

அன்று காலை மஞ்சக்குப்பத்தில் உட்கார்ந்தபடியே, சிதம்பரம் அலுவலகத்தில் இருந்த சர்வரை நானே முடக்கிவிட்டேன். ரத்த தானம் செய்பவர்களைத் தேடித் தரும் எங்கள் இணையதளம் அதில்தான் ஓடியது. அதற்குள் தனித்தனியாக இயங்கும் கன்டெய்னர் என்ற ஒவ்வொரு சிறு பகுதிக்கும் வெளியிலிருந்து நேரடியாக எட்டக்கூடிய தனி இணைய முகவரி, அதாவது பப்ளிக் ஐபி, கிடைக்க பிரிட்ஜ் என்ற இணைப்பு ஒன்றை அமைத்து, நெட்வொர்க்கை ரீஸ்டார்ட் செய்தேன். உடனே தொடர்பு அறுந்துபோனது.

அந்த அலுவலகத்துக்குப் போன் செய்தேன்; எடுத்தவர் காவலுக்கு இருந்த செல்வி அக்கா. கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லையாம். அவரை சர்வர் முன் உட்காரவைத்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி, நான் மாற்றிய ஃபைலைத் திறக்க வைத்தேன்.

"பிரிட்ஜ் போர்ட்டுன்னு இருக்கிற வரியில ஈ டி ஹெச் ஜீரோ இருக்காக்கா?"

"இருக்கு தம்பி. ஆனா பொட்டியில ஒயர் சொருவுன எடத்துல ஈ என் ஓ ஒன்னுன்னு ஒட்டியிருக்காங்க."

"அதெல்லாம் எதுக்குக்கா? நான் சொல்றத மட்டும் பாருங்க" என்று அதட்டினேன்.

சொல்லி முடிப்பதற்குள் எனக்கு உறைத்தது. இந்த சர்வரில் ஒயர் சொருகும் போர்ட்டின் பெயருக்குப் பதிலாக, பழைய சர்வரின் போர்ட் பெயரை ஞாபகத்திலிருந்து எழுதியிருக்கிறேன்! அவரையே பெயரை மாற்றவைத்து, மறுபடி ரீஸ்டார்ட் செய்யச் சொன்னேன். சில நொடிகளில் தளம் திறந்தது. கன்டெய்னர்களும் சொந்த முகவரியில் பதில் தந்தன. நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தேன்.

"வந்துடுச்சுக்கா!"

"அப்ப நான் கேட்டுக்குப் போறேன் தம்பி."

மதியமே பஸ் பிடித்துப் போய் மன்னிப்புக் கேட்டேன். கண்ணால் பார்த்ததைச் சொன்னவரை, பார்க்காமல் எழுதிய நான் அதட்டியது இன்றும் உறுத்துகிறது.