சோலார் பேனல்மேல் போர்த்திய சேலை

நெட்டுக்குப்பத்தில் எதைத் தொட்டாலும் ராமசெல்விக்குக் குமட்டும். கழுவிய தட்டில் சாம்பல், உலர்த்திய துணியில் சாம்பல், வாயில் வைத்த சோற்றில்கூட நறநறவென்று சாம்பல். கண்ணெதிரே மின்சாரம் தயாரிக்கும் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் நிற்க, குப்பத்தில் மட்டும் நாளுக்கு நாலு தடவை கரண்ட் போகும். இந்தக் கேவலத்தை யாரிடம் சொல்லி அழுவது?

மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரியிடம் போய்ச் சாம்பலைப் பற்றிச் சொன்னாள். "முப்பது நாள் விடாம தூசியை அளந்து கொண்டாம்மா. அப்புறம் நடவடிக்கையைப் பத்திப் பேசலாம்" என்றார். ராமசெல்வி திருவொற்றியூரில் செல்போன் ரிப்பேர் கடையில் வேலை செய்பவள். உள்ளங்கை அகலக் கம்ப்யூட்டர் போர்டு ஒன்றில் தூசி அளக்கும் கருவியைப் பூட்டி மொட்டைமாடியில் வைத்துவிட்டாள். நம்ப முடியாத கரண்டை விட்டால் அதை வேறு எதில் ஓட்டுவது என்பதுதான் பெரும்பாடாகிவிட்டது.

பவர் பேங்க் அரை நாளில் கையை விரித்தது. சாத்தாங்காட்டில் வாங்கிய பழைய ஸ்கூட்டர் பேட்டரி இரண்டாம் நாளே உப்பி நாறியது. கடைசியில் வேறொரு சுமாரான பேட்டரியோடு சோலார் பேனலைச் சேர்த்தாள். பகலில் ஏறும் சார்ஜ் இரவுக்கு மட்டும் போதும், மிச்சம் நிற்காது. தினமும் விடிந்ததும் பேனலைத் துடைத்துவிட்டு வேலைக்குப் போனாள். பதினெட்டு நாள் ஓடியது.

பத்தொன்பதாம் நாள் மாலை வந்து பார்த்தால் போர்டு செத்துக் கிடந்தது. பேனல்மேல் அவள் அம்மா பூவம்மாவின் வெள்ளைச் சேலை, நாலு மூலையிலும் கல்.

"சாம்ப கொட்டிகினு கீதுமே. மிசினு பேஜாராய்டுமேன்னு காலைலயே மூடி வச்சேன்" என்றாள் பூவம்மா.

குப்பத்தில் குடத்தை மூடுவார்கள், குழம்புச் சட்டியை மூடுவார்கள், பிள்ளை தூங்கும் தூளியை மூடுவார்கள். அம்மாமேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. இப்படி மூடி மூடியே பிழைக்கப் பழகிப்போனோமே என்பதுதான் அருவருப்பாக இருந்தது. சாம்பல் படிந்த சேலையை உதறாமல் மடித்துப் பைக்குள் வைத்தாள்.

மறுநாள் வெயில் ஏறிய பிறகுதான் போர்டு உயிர் பெற்றது. முப்பது நாள் முடிந்ததும் தூசி அளவுகளை அச்சிட்ட தாள்களை அதிகாரியிடம் கொண்டுபோய் நீட்டினாள். அதிகாரி எச்சில் தொட்டுப் புரட்டினார்.

"நடுவுல ஒரு நாள் காணோமே. இது செல்லாதும்மா."

"அந்த நாளு இதுல கீது சார்" என்று சேலையை எடுத்து அவர் மேசைமேல் விரித்து உதறினாள்.

சாம்பல் கோப்புகளின்மேல் பரவியது. அதிகாரி பதறிப்போய்த் தன் டீ டம்ளரைக் கையால் மூடிக்கொண்டார்.