சனிக்கிழமை ரொட்டி

எங்கள் கறுப்பு நாய்க்குட்டிக்குப் பிறவியிலேயே குடல் கோளாறு. எண்ணெய், பால் எதுவும் ஆகாது, குழைந்த சோறு மட்டும்தான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அப்படியே கொடுத்தும், ஞாயிறு விடிந்தால் ரத்தமாகக் கழியும். யாரோ கிழமை பார்த்து விஷம் வைப்பது போல இருந்தது. இன்னொரு தடவை இப்படி ஆனால் பிழைக்காது என்றுவிட்டார் டாக்டர்.

அடுத்த சனிக்கிழமை, டெல்லி ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில், துணி உலர்த்த வெளியே வந்தேன். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி எங்கள் வேலிக் கம்பிக்குள் கையை விட்டு, கடுகெண்ணெய் தடவிய ரொட்டியைக் குட்டிக்கு நீட்டிக்கொண்டிருந்தார்.

பாய்ந்து பிடுங்கினேன். "ஆன்ட்டி, இதைத் தின்னா செத்துப்போயிடும்!" என்று இந்தியில் கத்தினேன்.

அவர் முகம் வெளிறிப்போனது. "என் பையன் பார்டர்ல இருக்கான், மகளே. சனிக்கிழமை கறுப்பு நாய்க்கு எண்ணெய் ரொட்டி போட்டா சனி அவனை அண்டாது. வாய்கிட்ட போனதைப் பிடுங்கிட்டியே!"

அதற்குப் பிறகு அவர் கம்பிப் பக்கம் வரவே இல்லை. குட்டி தேறிவிட்டது. ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் போன் அடித்தால், சோறு பிசைகிற என் கை அப்படியே நின்றுவிடும். அழுகுரல் எதுவும் கேட்கவில்லை என்று நிச்சயமான பிறகுதான் குட்டிக்குத் தட்டை வைப்பேன்.