மூன்று காது நீளம்

புளுகுவதில் எனக்கு ஒரு காலத்தில் நல்ல பெயர் இருந்தது. மெல்பனுக்கு வந்த முதல் வருடங்களில் அந்தப் பழக்கம் இன்னும் கூடிப்போயிற்று, ஏனென்றால் இங்கே என் பேச்சைச் சரிபார்க்க ஆட்கள் இல்லை. எழுபதுகளின் நடுப்பகுதி. மல்கிரேவில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பாகங்களுக்குப் படம் வரைகிற வேலை. ஸ்பிரிங்வேலில் வாடகை வீடு. வீதியில் ஒரு தமிழ் முகத்தைக் கண்டால் காரை நிறுத்தி இறங்கிக் கதைக்கிற காலம் அது.

எங்கள் ஃபோர்மன் ஒரு வில்வேட்டைக்காரர். துப்பாக்கியை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ஒரு மானின் படத்தைக் காட்டி, இந்த மலைக்காடுகளில் திரியும் இந்தப் பெரிய மான்கள் போன நூற்றாண்டில் சிலோனிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் வந்தவற்றின் வம்சம் என்றார். பார்த்தால் மரை! எனக்கு வந்த புளுகத்தை, அந்தச் சந்தோஷத்தை, சொல்லி முடியாது. எங்கள் நாட்டுச் சீவன் ஒன்று எனக்கு நூறு வருடம் முந்தி இங்கே குடியேறி, விசாவும் கேட்காமல் பெருகியிருக்கிறது. உடனே எடுத்துவிட்டேன்: சின்ன வயதில் வன்னிக்காட்டில் மரைக்குப் பின்னால் திரிந்தவன் நான், கொம்பைப் பார்த்தே அது முதிர்ந்ததா இளசா என்று சொல்வேன்.

உண்மை என்னவென்றால், உயிரோடு ஒரு மரையை நான் கண்டதே இல்லை. வவுனியாவிலிருந்து மாமா கொண்டுவரும் மரை இறைச்சி வத்தலாகத்தான் எனக்கு அதைத் தெரியும், அதுவும் பொரித்துக் கோப்பையில் போட்ட பிறகு.

மனிதர் நம்பிவிட்டார். வில்லைப் பிடித்திருக்கிற கையால் பைனாகுலர் பிடிக்க முடியாது, அதனால் பக்கத்தில் கொம்பைக் கணிக்க ஓர் ஆள் வேண்டும், நீ வா என்றார். இளம் கிடாயை அவர் தொடமாட்டார். வாழ்ந்து முடித்த கிழட்டுக் கிடாய் மட்டும்தான். “நாங்கள் காதை வைத்து அளப்போம். காதைப் போல மூன்று மடங்குக்கு மேல் கொம்பு உயர்ந்திருந்தால் முதிர்ந்தது. உங்கள் ஊரில் எப்படி?” என்று கேட்டார்.

“எங்கள் ஊரிலும் அதேதான்” என்றேன், கூசாமல்.

அவர் தந்த வேட்டைச் சஞ்சிகைகளை வைத்து இரண்டு சனிக்கிழமை முழுக்கக் கொம்பு கொம்பாக வரைந்தேன். அடியில் மணிக்கட்டுப் பருமன், நெற்றிக்கு மேலே முன்னோக்கி ஒரு கிளை, உச்சியில் இரண்டாகப் பிரியும் கவர். ஒரு காது ஏறத்தாழ ஒரு சாண். அளவுகள் என்னுடைய தொழில் அல்லவா, இரண்டாம் சனிக்கிழமை இரவு எனக்கே நான் வன்னியில் பிறந்தவன் போல ஒரு நம்பிக்கை வந்துவிட்டது.

எங்களோடு அப்போது மச்சானும் இருந்தான். என் மனைவியின் அண்ணன், என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். எட்டு மாதமாக எங்கள் வீட்டு முன்னறையில்தான் அவன் தங்கல். அவன் மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் விசா கிடைத்து, அடுத்த மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து வருவதாக இருந்தது. வேட்டை என்றதும் அவன் தானும் வருவேன் என்று நின்றான்.

“மச்சான், நீ மரை கண்ட கதையை நான் நேரில பாக்க வேணும்” என்றான். “ஆட்டைக் கண்டாலே வேலிக்கு மேல ஏறுற ஆள் நீ.”

மனைவிக்குத் துளியும் விருப்பமில்லை. குசினி வாசலில் நின்றுகொண்டு என்னை மட்டும் கூப்பிட்டாள். “விசரே உங்களுக்கு? அண்ணியும் பிள்ளையளும் வந்து இறங்கப்போகினம். அண்ணாவை முழுசாக் கொண்டுவந்து என்னட்டைத் தாங்கோ. தனிய எங்கையும் விட்டிடாதேங்கோ.”

“ஓம், ஓம். போயிட்டு வாறம்” என்றேன்.

கிழக்கே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடி, தார்வீதி முடிந்து, மண்பாதையும் முடிந்த இடத்தில் கூடாரம் அடித்தோம். எனக்கு அங்கே இறங்கியவுடனேயே பயம் பிடித்துவிட்டது. மரங்கள் அண்ணாந்து பார்த்தால் பிடரி நோகும் உயரம். கீழே இறகு இறகாக இலை விரித்து ஆளை மறைக்கும் பன்னைச்செடி. நாலு அடி தள்ளி நின்றவனைக் காணவில்லை, அவன் மூச்சு மட்டும் கேட்கிறது. போதாததற்கு ஃபோர்மன் அம்பின் முனையைக் காட்டினார். சவர அலகு போல மூன்று பக்கமும் தீட்டியது. தன் முன்கை மயிரை அதால் வழித்துக் காட்டி, “துப்பாக்கிக் குண்டு போல இது இடிக்காது, வெட்டும். அடிபட்ட மிருகம் ரத்தம் ஓடித்தான் சாகும்” என்று சொன்னார். மச்சான் சிரித்துக்கொண்டு அதைத் தொட்டுப் பார்த்து, விரலை வாயில் வைத்தான்.

ஒழுங்கு இதுதான். ஃபோர்மன் முன்னால் முழங்காலில் இருப்பார். நான் அவர் முதுகுக்குப் பின்னால், என் வலக்கை அவர் தோளில். பேச்சுக் கிடையாது. ஒருதரம் அழுத்தினால் எய்யலாம், இரண்டுதரம் அழுத்தினால் விட்டுவிட வேண்டும். மச்சானுக்கு வேலை கூடாரத்தில். நாங்கள் திரும்பும்வரை இடத்தை விட்டு நகரக்கூடாது, சத்தம் போடக்கூடாது, ஒரு பாட்டுக்கூடக் கூடாது என்று ஃபோர்மன் இரண்டுமுறை சொன்னார்.

முதல்நாள் காலை ஒரு கிடாய் வந்தது. ஐயோ, அது மாடு! மாட்டைவிடப் பெரிது. கருமண் நிறம், கழுத்தில் பிடரிமயிர், ஒவ்வொரு அடிக்கும் நின்று மூக்கைத் தூக்கி எங்களைத் தேடுவது போலிருந்தது. வத்தலாகக் கண்ட சீவன் இப்படி நிற்கும் என்று யார் கண்டது? பைனாகுலருக்குள் கொம்பும் ஆடியது, காதும் ஆடியது, என் கைதான் ஆடியது என்று பிறகு புரிந்தது. அது எங்கள் மேல் பாய்ந்தால் என்ன செய்வது என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. இரண்டுதரம் அழுத்திவிட்டேன்.

அது போனபிறகு ஃபோர்மன் குளம்புத் தடத்தை விரலால் அளந்தார். அது உரசிவிட்டுப் போன மரத்தில் கொம்புத் தழும்பு எவ்வளவு உயரம் என்று பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “உங்கள் வன்னியில் இதைவிடப் பெரிதாகவா இருக்கும்?” கேலியாகக் கேட்டாரா, மரியாதையாகக் கேட்டாரா, இன்றுவரை தெரியாது. எனக்கு முகம் எரிந்தது. திங்கட்கிழமை தொழிற்சாலை முழுக்க என்னைப் பார்த்துச் சிரிக்கப்போகிறது என்று நினைத்தேன். அடுத்தது எது வந்தாலும் ஒருதரம்தான் அழுத்துவது என்று அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன். பயத்தில் ஒரு பிழை விட்டவன் வெட்கத்தில் இன்னொன்று விடத் தயாரானேன்.

இரண்டாம்நாள் காலை மூடுபனி. ஓடைக்கு மேலே ஒரு சரிவில் இருந்தோம். எங்களுக்கு எதிரே, இருபது கஜ தூரத்தில், பன்னைமரங்கள் இரண்டுக்கு நடுவில் ஓர் இடைவெளி. மான்தடம் அதற்குள்ளால்தான் போகிறது. அந்த இடைவெளியில் நெஞ்சு வந்து நிறையும்போதுதான் எய்வேன் என்று ஃபோர்மன் முன்பே சொல்லியிருந்தார். எங்கள் கூடாரம் ஓடையின் கீழே, வெகு தூரத்தில்.

ஒரு மணி நேரம் அட்டைகளுக்கு ரத்தம் கொடுத்துக்கொண்டு இருந்தோம். பிறகு கீழே ஒரு சுள்ளி முறிந்தது. தண்ணீரில் கால் வைக்கிற சத்தம். நின்றது. மறுபடி ஒரு அடி. நேற்றைய கிடாயைப் போலவே, வைத்து வைத்து, நின்று நின்று வருகிறது. என் இதயம் அடித்த அடியில் ஃபோர்மனின் தோளும் துள்ளியிருக்கும்.

பனிக்குள்ளிருந்து கொம்புகள் எழுந்தன. பன்னைக்கு மேலே கொம்பு மட்டும், மெல்ல மெல்ல, ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து. பைனாகுலரை எடுத்தேன். அடிப்பருமன் மணிக்கட்டைவிடப் பெரிது. முன்கிளை நீளம். உச்சிக் கவர் ஆழம். நான் வரைந்த படங்களில்கூட அப்படியொரு கொம்பு இல்லை. இது கிழடுதான், சந்தேகமே இல்லை.

ஒருதரம் அழுத்தினேன்.

ஃபோர்மன் வில்லைத் தூக்கினார். நாண் பின்னால் போகும்போது ஒரு சின்ன முனகல் கேட்டது. கொம்பு இடைவெளியை நோக்கி நகர்ந்தது. நான் மறுபடி பைனாகுலருக்குள் பார்த்தேன், அதுவும் எதற்கு? எத்தனை அங்குலம் என்று திங்கட்கிழமை சொல்வதற்கு. காதைப் பிடித்தால் கணக்குச் சரி. கொம்புக்கு அடியில் காதைத் தேடினேன். இடப்பக்கம் இல்லை. வலப்பக்கம் இல்லை. காது எங்கே? மூன்று மடங்கு என்றால் எதற்கு மூன்று மடங்கு? காது இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையாக எலும்பு. எலும்புக்குக் கீழே நீலக்கோடு போட்ட ஒரு துவாய், வட்டமாகச் சுற்றியிருக்கிறது.

சும்மாடு.

தண்ணீர்க்குடத்துக்கும் விறகுக்கட்டுக்கும் அடியில் எங்கள் ஊரில் வைக்கிற சும்மாடு. அந்தத் துவாய் எங்கள் வீட்டுத் துவாய். அதற்குக் கீழே பன்னை இலை மறைத்த ஒரு முகம், அதற்கும் கீழே மச்சானின் மண்ணிறக் கம்பளிக் கோட்டின் நெஞ்சு, இடைவெளியை நிறைத்துக்கொண்டு நின்றது.

“டேய்!”

தொண்டை கிழியக் கத்தினேன். அதே நொடி நாண் விட்ட சத்தம். கத்தியதில் அவர் கை திடுக்கிட்டதா, நான் அவரைத் தள்ளினேனா, எனக்குத் தெரியாது. கொம்புகள் அப்படியே சரிந்து பன்னைக்குள் போயின. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

நான் எழும்ப முடியாமல் கிடந்தேன். மனைவிக்கு என்ன சொல்வது? அந்தப் பிள்ளைகள் வந்து இறங்கி அப்பா எங்கே என்றால் என்ன சொல்வது? கடவுளே, கடவுளே என்று வாய் தன்பாட்டில் சொன்னது. கோயில் பக்கம் போயே எத்தனையோ வருடம்.

“அட கோதாரி!” என்று பன்னைக்குள்ளிருந்து ஒரு குரல். “ஆரடா அது? என்னத்தையடா எறிஞ்சனியள்?”

உருண்டு புரண்டு ஓடினேன். மச்சான் சேற்றில் குந்திக்கொண்டு தலையைத் தடவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு மண்டையோடு, அதில் அந்தப் பெரும் கொம்புகள். அம்பு அவனுக்குப் பின்னால் இருந்த மரத்தில் பாதிவரை இறங்கியிருந்தது. அவனை எழுப்பி நிறுத்தியபோது அது அவன் தொண்டைக்குழிக்கு நேரே இருந்தது. அவன் உடம்பு முழுக்கத் தடவினேன். ரத்தம் இல்லை. அட்டை கடித்த ரத்தம் மட்டும்.

தண்ணீர் எடுக்க ஓடைக்குப் போனவன், மேலே ஒரு செத்த கிடாயின் மண்டையோடு கிடப்பதைக் கண்டிருக்கிறான். பிள்ளைகள் வந்தால் காட்டலாம் என்று ஆசை. வழுக்கும் கல், பிடிக்க இரண்டு கையும் வேண்டும். துவாயைச் சுருட்டித் தலையில் வைத்து, அதற்கு மேல் மண்டையோட்டை ஏற்றிவிட்டான். ஊரில் எதைத்தான் நாங்கள் தலையில் சுமக்கவில்லை? சத்தம் போடக்கூடாது என்று ஃபோர்மன் சொன்னதால் ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைத்து, எங்கள் வேட்டையைக் குழப்பாமல், அவ்வளவு கவனமாக வந்திருக்கிறான். வழியும் தவறி எங்கள் சரிவுக்கே ஏறிவிட்டான்.

ஃபோர்மன் அம்பைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார், மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். பிறகு வந்து மச்சானின் இரண்டு தோளையும் பிடித்து, “என் பிழை. நான் பார்க்காமல் எய்தேன்” என்றார். என் பக்கம் திரும்பினார். என் கையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அன்றும் இல்லை, அதற்குப் பிறகு தொழிற்சாலையில் ஒன்றாக இருந்த ஆறு வருடத்திலும் இல்லை. திரும்பி வரும் வழியில் அவர் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று பின் சீற்றில் இருந்து அவர் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தேன். சொல்லியிருந்தால் நல்லது என்று இப்போது நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து சேரப் பின்னேரம் ஐந்து மணி. மச்சான் கதிரையில் இருந்து, கையைக் காலை ஆட்டித் தங்கைக்குக் கதையை விட்டான்.

“அந்தாள் குறி வைச்சு நாணை இழுத்தாச்சு. நான் ஒண்டும் தெரியாமல் வாறன். உன்ரை மனுசன் கத்தினான் பார் ஒரு கத்து! அதில கால் தடக்கி விழுந்தனான். விழாட்டிச் சரி, சங்குதான். இனி இவனை ஒருத்தரும் புளுகன் எண்டு சொல்லப்படாது, சொல்லிப்போட்டன்.”

நான் வாய் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அழுத்தினது நான்தான் என்று சொல்ல நாக்கின் நுனிவரை வந்தது.

அதற்குள் மனைவி அழத் தொடங்கிவிட்டாள். ஈரக்கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு வந்து, என் வலக்கையை இரண்டு கையாலும் எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். அவள் கண்ணீர் அந்த விரல்களுக்கு நடுவில் சூடாக இறங்கியது. கையை இழுக்க எனக்குத் துணிவு வரவில்லை.