படிக்கட்டில் இல்லாத செருப்பு

அந்தப் படிக்கட்டில் செருப்பு இல்லை. இருந்தது என்று சொன்னவன் நான்.

சொல்லிவிட்டேன். இந்த ஒரு வரியைச் சொல்லத்தான் இத்தனை காலம் பயந்துகொண்டிருந்தேனா? எழுதிப் பார்த்தால் எவ்வளவு சின்னதாக இருக்கிறது... ஒரு ஜோடி செருப்பு! அதற்குள் ஒரு பெண்ணின் வாழ்க்கை முழுவதும் போய்விட்டது என்றால் நம்புவீர்களா?

எனக்கு ஊர் ஜேடர்பாளையம். கரும்பு ஆட்டி வெல்லம் காய்ச்சும் ஆலைக்கொட்டாய் வைத்திருக்கிறேன். பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. கிருத்திகை விரதம் தவறியதில்லை. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்துபோகும் எங்கள் காவடிக் கூட்டத்தில், மற்றவர்களுக்கு மாலை போட்டுவிடுகிறவனே நான்தான். இப்படிப்பட்டவனுக்கு இன்னொரு பித்தும் இருந்தது. கொலைக் கதைப் பித்து.

எல்லாக் கொலைக் கதையும் அல்ல. வெளிதேசத்தில் அந்தக் காலத்தில் எழுதி, நம் ஆட்கள் சாணித்தாளில் மொழிபெயர்த்துப் போட்டார்களே, அவை. தொப்பியும் மழைக்கோட்டுமாக ஒரு துப்பறிகிறவன். ஓயாத மழை. கதவைத் தட்டி உள்ளே வரும் ஒரு பெண். அவள் சொல்லும் முதல் பொய். கொலைகாரன் பிடிபட்ட பிறகும் அந்த ஊர் சுத்தமாகாது. துப்பறிந்தவனும் சுத்தமாக இருக்கமாட்டான்.

முருகா என்று உருகுகிறவனுக்கு இது எதற்கு? எனக்கே தெரியாது. பாவம் செய்தவன் தனியாக இருக்கும்போது தனக்குள் என்ன பேசிக்கொள்வான் என்று அந்தப் புத்தகங்கள் காட்டின. அது எனக்கு வேண்டியிருந்தது போல...

சேலம் செவ்வாய்ப்பேட்டை மண்டிக்கு வெல்லம் ஏற்றிக்கொண்டு போகும்போது, பழைய புத்தகக் கடையில் இரண்டு பேர் பழக்கமானார்கள். டவுன் பஸ் கண்டக்டர் சீனிவாசன் ஒருவர். அஸ்தம்பட்டியில் ஒரு டாக்டரிடம் டோக்கன் கொடுக்கும் மல்லிகா அம்மா இன்னொருவர். ஞாயிற்றுக்கிழமை மண்டி பூட்டியிருக்கும். மண்டிக்காரர் எங்களை நம்பிச் சாவி தருவார். புளி மூட்டைகள் மேல் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் சாயங்காலம் ஆகிவிடும்.

"நம்ம சேலத்து வெயில்ல இந்த மழைக்கோட்டை மாட்டிக்கிட்டுத் திரிஞ்சான்னா, கொலைகாரன் சிக்கறதுக்குள்ள இவன் அவிஞ்சு போயிருவான்" என்பார் சீனிவாசன்.

"உங்க பஸ்ஸுல ஏறிட்டாலே போதும். சில்லறை இல்லைன்னு பாதி வழியில எறக்கி விட்ருவீங்க. கேஸு அங்கயே முடிஞ்சுது" என்பார் மல்லிகா.

"சிரிங்க, சிரிங்க. ஆனா ஒண்ணு. மொத அத்தியாயத்துல எந்தப் பொம்பளை அழுவாம நிக்கறாளோ, அவதான் கடைசியில மாட்டுவா. மாறவே மாறாது."

"ஆம்பளைங்க எழுதுனா வேற யாரு மாட்டுவா?"

அந்த அம்மாள் அன்று இன்னொன்றும் சொன்னார். எனக்கு மறக்கவே இல்லை. "துப்பாக்கியைக் காட்டுனா நாம நம்பறதில்லைங்க. சாம்பல் தட்டுல பாதியில அணைச்சு வச்ச சிகரெட்டைக் காட்டுனா நம்பிருவோம். தேவையே இல்லாத ஒரு சின்ன சாமானு போதும். அதைப் புடிச்சுக்கிட்டே பெரிய பொய்யை முழுங்கிருவோம்."

எங்களுக்குள் ஒரு விளையாட்டு இருந்தது. ஆளுக்கு ஒரு வாரம். அந்தத் துப்பறிகிறவனின் குரலில் ஒரு கேஸைப் பேசி, எங்கள் மூன்று பேர் வாட்ஸப்பில் போட வேண்டும். அடுத்த ஞாயிறு மற்ற இருவரும் அதில் ஓட்டை கண்டுபிடிக்க வேண்டும்.

என் முறை வந்த வாரத்தில் எங்கள் ஊர் முருகேசன் ஆற்றில் போய்விட்டான்.

போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே எங்கெங்கோ சுற்றுகிற பையன். காவடிக்காக ஊருக்கு வந்திருந்தான். உச்சி வேளையில் தனியாகக் குளிக்கப் போனான். அணையின் மதகோரம் ஒதுங்கியவனைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். போலீஸ் வந்தது. உடம்பில் காயமில்லை, தண்ணீர் குடித்து இறந்திருக்கிறான் என்று முடித்துக் கொடுத்தார்கள். அதில் மர்மம் ஒன்றும் இல்லை.

அவன் மனைவி தனலட்சுமி படிக்கட்டின் மேலே நின்றாள். முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக... அழவில்லை.

அதைப் பார்த்ததும் எனக்குள் இருந்த மழைக்கோட்டுக்காரன் கண் விழித்தான். ஐயோ, அப்போதே அவனை நான் விரட்டியிருக்கக் கூடாதா!

மறுநாள் ஆலைக்கொட்டாயில் உட்கார்ந்து, குரலைக் கனமாக்கிக்கொண்டு பேசினேன். பின்னால் கொப்பரையில் பாகு கொதிக்கும் சத்தம். பதிவில் அது மழை பெய்வது போலவே கேட்டது! எனக்கு அதில் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?

"உச்சி வேளை. ஆறு எதையும் ஒப்புக்கொள்ளாமல் ஓடிக்கொண்டிருந்தது. படிக்கட்டில் ஒரு ஜோடி செருப்பு. பழுப்பு நிறம். இடது வாரில் கம்பி கட்டியிருந்தது. இரண்டும் ஒட்டினாற்போல், ஊரைப் பார்த்து நின்றன. குளிக்கப் போகிறவன் ஆற்றைப் பார்த்தல்லவா செருப்பைக் கழற்றுவான்? இதை வைத்தது வேறொரு கை. மேலே மனைவி நின்றாள். அவள் அழவில்லை."

பெயர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. அதனால் பாவம் ஒட்டாது என்று நினைத்தேன். பெரிய நியாயவான்!

சீனிவாசனுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. பெருமையில் தன் சொந்தக்காரர்களுக்கு அனுப்பியிருக்கிறார். கெட்ட எண்ணமே கிடையாது. அவர்கள் யாருக்கோ, அந்த யாரோ இன்னும் யாருக்கோ... கதை என்ற சொல் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. குரல் மட்டும் மிஞ்சியது.

சில நாள் கழித்து, அணைக்குப் பக்கத்தில் ராமசாமி அண்ணனின் மீன் வறுவல் கடையில் நின்றிருந்தேன். நல்ல மத்தியானம். வானத்தில் ஒரு துளி மேகம் இல்லை. எங்கோ மழை பெய்யும் சத்தம் கேட்டது.

பெஞ்சில் இருந்த ஒருவரின் போனிலிருந்து என் குரல் வந்துகொண்டிருந்தது.

"யாரோ சி.ஐ.டி. பேசறாருங்க. நம்மூருச் சங்கதிதான்" என்றார் அவர். யாருக்கும் அது நான் என்று தெரியவில்லை. எனக்கே ஒரு நொடி அது வேறு யாரோ என்றுதான் பட்டது.

ராமசாமி அண்ணன் மீனைத் திருப்பிப் போட்டார். பொய் பேசத் தெரியாத மனிதர். நிறுவையில் ஒரு துண்டு கூடப் போய்விட்டால் சிரித்துக்கொண்டே விட்டுவிடுகிறவர். அவர் சொன்னார்: "செருப்பு இருந்துச்சுங்க. நானே பாத்தேன்."

அடுப்புப் பக்கம் நெருங்கினேன். "நெசமாவே பாத்தீங்களாண்ணா?"

"இந்தக் கண்ணாலதான் சாமி. குதிகால் பக்கம் தேஞ்சு போயிருந்துச்சு. அன்னைக்கே என்னமோ உறுத்துச்சு, போங்க."

குதிகால் தேய்ந்திருந்தது என்று நான் சொல்லவே இல்லை! அதை அவருக்குக் காட்டியது யார்?

அப்போது சொல்லியிருக்கலாம். அண்ணா, அந்தக் குரல் என்னது, அது விளையாட்டு என்று. ஏன் சொல்லவில்லை? செத்தவனை வைத்து விளையாடினாயா என்று கேட்பார்களே என்ற வெட்கம். நாலு பேருக்கு மாலை போடும் கை என்ற கௌரவம். இவ்வளவுதானா? இல்லை. இன்னொன்றும் இருந்தது. முருகன் மேல் ஆணையாகச் சொல்கிறேன்... உள்ளுக்குள் ஒரு துளி பெருமையும் இருந்தது. நான் வைத்த சாமானை ஒருவர் கண்ணால் பார்த்திருக்கிறார்!

தனலட்சுமிதான் புருசனை ஏதோ செய்துவிட்டாள் என்று பேச்சு பரவியது. முருகேசனின் அண்ணன் கேட்டு, ஊர் கூடி, கோயிலில் சத்தியம் வைப்பதென்று முடிவாயிற்று. எங்கள் பக்கத்து வழக்கம் அது. வெற்றிலையில் கற்பூரத்தைக் கொளுத்தி, சொல்ல வேண்டியதைச் சாமி முன்னால் சொல்லி, உள்ளங்கையால் அணைக்க வேண்டும். பொய்யானால் சாமி பார்த்துக்கொள்ளும்.

தனலட்சுமி கற்பூரத்துக்கு முன்னால் வந்து நின்றாள். குரல் நடுங்கவில்லை.

"ஏனுங்க, மாலை போட்ட மனுசருங்க அவரு. வெறுங்காலோட நடந்தவரு. அவருக்கு ஏதுங்க செருப்பு?"

ஆமாம்! காவடி விரதத்தில் யாரும் செருப்புப் போடுவதில்லை. முருகேசன் கழுத்தில் மாலை போட்டவனே நான். கதையின் போதையில் அதை மறந்து தொலைத்திருக்கிறேன்! அவன் மாலை போட்டவன் என்று தெரிந்திருந்தால், அடுத்த ஞாயிறு எங்கள் கூட்டம் முதலில் கண்டுபிடித்திருக்கக் கூடிய ஓட்டை அதுதான். அப்பாடா, முடிந்தது, இவள் தப்பித்தாள் என்று எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அப்போது ராமசாமி அண்ணன், கெட்ட எண்ணம் துளியும் இல்லாமல், நிஜமாகவே புரியாமல் கேட்டார்:

"அப்பொ... அந்தச் செருப்பை ஊட்டுல இருந்து எடுத்தாந்து வெச்சது யாருங்க?"

கோயில் முழுவதும் ஒரு பெருமூச்சு எழுந்தது. அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஓட்டை மூடிக்கொண்டது. நான் எழுதியிருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாக முடிச்சுப் போட்டிருக்க மாட்டேன். கதையை இப்போது நான் சொல்லவில்லை. அது தானே தன்னைச் சொல்லிக்கொண்டிருந்தது.

"அந்தச் செருப்பு இப்ப எங்கே?" என்று யாரோ ஒருவர் கேட்டார். "ஆத்துல உட்டிருப்பாங்க" என்று இன்னொருவர் பதில் சொன்னார்.

அவளும் கற்பூரத்தை அணைத்தாள். ராமசாமி அண்ணனும் அணைத்தார். இரண்டு உள்ளங்கையிலும் கரி. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. சாமி யாரைத் தண்டிக்கும்? பொய் சொன்னவன் கூட்டத்தோடு கூட்டமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டு நின்றான்.

ஊரை விட்டுப் போவதற்கு முன் அவள் என் வீட்டு வாசலுக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னோம், வரவில்லை.

"சாமி, நீங்கதான் அவருக்கு மாலை போட்டு உட்டீங்க. கூடவே விரதம் இருந்தீங்க. அவரு கால்ல செருப்பு பாத்தீங்களா? ஊட்டுல இருந்த ஒரே சோடியும் இன்னும் பரண்லதான் கெடக்குது. காட்டுனா, அதை நான் புதுசா வாங்கி வெச்சிருக்கேன்னு சொல்றாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்க சொல்லைக் கேப்பாங்க."

ஒரே ஒரு வார்த்தை.

"நான்... கவனிக்கலை அம்மணி" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தாள். விரதம் முடியாததால் நானும் வெறுங்காலோடுதான் நின்றிருந்தேன். வெகு நேரம் பார்த்தாள்.

"சரிங்க சாமி. வாரேனுங்க."

இராசிபுரம் பக்கம் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். மில் வேலைக்குப் போகிறாளாம். புருசன் கட்டிய வீட்டில் அவன் அண்ணன் குடியிருக்கிறான். அந்த ஊர் வரைக்கும் ஒரு முறை பஸ் ஏறிப் போனேன். ஸ்டாண்டில் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். சேலத்துக் கூட்டத்தையும் விட்டுவிட்டேன். "உங்க கேஸுல ஓட்டை சொல்லவே இல்லையே, எப்ப வாறீங்க?" என்று மல்லிகா அம்மாள் கேட்டிருந்தார். பதில் போடவில்லை.

போன மாதம் மனது தாங்காமல் ராமசாமி அண்ணனிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் குரலிலேயே பேசியும் காட்டினேன். அவர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு என் தோளைத் தட்டினார்.

"அந்தப் புள்ளைக்கோசரம் இப்படிப் பழியைத் தலையில போட்டுக்கறீங்க. பெரிய மனசு சாமி உங்களுக்கு. ஆனா நான் பாத்ததைப் பாக்கலைன்னு ஆக்க முடியுமுங்களா?"

நான் கும்பிட்டுக் கேட்டும் அவர் நம்பவில்லை. பொய்யைச் சொன்னபோது ஊரே நம்பியது. உண்மையைச் சொன்னால் புண்ணியவான் என்கிறார்கள்! ஊர் கூட்டி உரக்கச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். கடைக்காரர் ஒருவரிடம் முணுமுணுத்துவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் படிக்கட்டில் துணி துவைக்க வருகிறவர்கள், குளிக்க வருகிறவர்கள், எல்லோரும் ஓர் இடத்தில் மட்டும் சற்று ஒதுங்கி இறங்குகிறார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. வெறும் கல்தான். இரண்டு கால் வைக்கும் அகலம்.

நேற்று மத்தியானம் நான் போனேன். ஒன்றுமில்லாத இடம் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் உலகத்தில் யார்? மிதித்துவிட வேண்டும் என்றுதான் போனேன். கால் தானாக ஒதுங்கியது.

பூசையில் கற்பூரம் காட்டும்போது கண்ணை மூடினால் வேல் தெரிவதில்லை. பழுப்பு நிறம். இடது வாரில் கம்பி. தேய்ந்த குதிகால்... நான் சொல்லாத அந்தக் குதிகால்கூட எனக்குத் தெரிகிறது!

இதைப் படிக்கிற உங்களையும் ஒன்று கேட்கிறேன். முதல் வரியிலேயே சொன்னேன், செருப்பு இல்லை என்று. இருந்தாலும்... அது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று கேட்டால், உங்களுக்கும் தெரிகிறது, இல்லையா?